மஞ்சள் டேப்

டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, காரின் இடது பின்கதவில் ஒட்டினார் என் மாப்பிள்ளை. இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. திரும்ப வந்து அதையே பிய்த்து, கைப்பிடிக்கு இன்னும் கிட்டத்தில் ஒட்டினார். பம்பரில், கண்ணாடி ஓரத்தில், சக்கரத்துக்கு மேலே என்று எங்கெல்லாம் கீறல் உண்டோ அங்கெல்லாம் ஏற்கெனவே மஞ்சள் துண்டுகள். வெள்ளைக் கார் அம்மை போட்ட பிள்ளை மாதிரி வாசலில் நின்றது. விற்கிற பொருளுக்கு மற்றவர்கள் பவுடர் பூசுவார்கள். இவர் மருவை எண்ணிக் காட்டுகிறவர்.

மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி விற்கும் பெரிய கடை ஒன்றில், விற்றது திரும்பி வருகிற மேசைதான் அவருக்கு. கடையின் முன்பக்கத்தில் சிரிப்பு, பின்பக்கத்தில் இவர். யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "தப்பு பொருள் மேலயா, ஆள் மேலயா?" உற்றுப் பார்த்துவிட்டு மஞ்சள் டேப் ஒட்டினால் பொருள் மேல் தப்பு, கடை ஏற்றுக்கொள்ளும். ஒட்டாமல் தள்ளிவைத்தால் கொண்டுவந்தவர் மேல் தப்பு, எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். டேப் உருளை வீட்டிலும் சட்டைப் பையிலேயே இருக்கும். என் கையிலிருந்த கண்ணாடித் தட்டு விழுந்து உடைந்தபோது, சில்லைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "உங்க மேலதான் அத்தை" என்றார். பெற்ற பெண்ணைக் கொடுத்தவள் என்ற தாட்சண்யம்கூட இல்லை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தட்டு வழுக்கியது.

காரை விற்கிற அவசரம் என் மகளுக்கு. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தை ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் மாறி, நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருகிறாள். இந்தப் பெரிய காரில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் எட்டாது. அதனால் ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, தன் அளவுக்குச் சின்னதாக ஒன்றைப் பதிவு செய்திருந்தாள். கேட்டின் இரண்டு தூண்களுக்கு உள்ளே நிற்க இடமோ ஒரே ஒரு காருக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஷோரூமில் சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளை இணையத்தில் விளம்பரம் போட்டார். மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள்: "ஹாரன் தனக்குத் தோன்றும்போது அடிக்கும். ஏசி குளிரும், கூடவே முனகும். இடது பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது, பல வருடமாக அப்படித்தான். மற்றபடி நல்ல கார்." டேப் ஒட்டிய ஒவ்வோர் இடத்துக்கும் கிட்டத்தில் எடுத்த படம் வேறு.

"ஏங்க, இது விளம்பரமா, போஸ்ட்மார்ட்டமா?"

"நாளைக்கு ஒருத்தன் திரும்பி வந்து என் வாசல்ல நிக்கக் கூடாது பாரு."

"திரும்பி வரணும்னா மொதல்ல அது போகணுமே!"

போகிற வழியைத்தான் காணோம். 'கடைசி விலை என்ன' என்று மட்டும் கேட்டுவிட்டு மாயமானவர்கள் ஏராளம். நேரில் வந்தவர்களோ, இவர் ஒவ்வொரு குறையாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கிக் கேட்டுக்கு வெளியே போய்விடுவார்கள். ஒரு மருந்துக்கடைக்காரர் மட்டும் நின்று கேட்டார்: "வாய்விட்டே இவ்வளவு சொல்றீங்கன்னா, சொல்லாம வச்சிருக்கறது எவ்வளவோ?" அன்று மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

கெடு வைத்த ஞாயிறும் வந்தது. விளம்பரத்தைப் படிக்காமல், தெரிந்தவர் சொல்லி ஒரு போட்டோகிராபரும் அவர் மனைவியும் பார்க்க வருவதாக இருந்தார்கள். விடிந்ததும் மகள் எல்லா டேப்பையும் உரித்துப் போட்டாள்.

"இன்னிக்கு வாயத் தொறந்தீங்க, நான் கெளம்பிப் போயிடுவேன்."

"எங்க?"

"வேலைக்குத்தான்! பஸ்ல! ஆயுசு பூரா!"

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றார். போட்டோகிராபர் ஓட்டிப் பார்த்தார், பிடித்திருந்தது. அந்த அம்மா பின்சீட்டில் போய் உட்கார்ந்தார், இடது பக்கம். கதவைச் சாத்தினார். இறங்கப் பார்த்தார். இழுத்தார், மறுபடி இழுத்தார்.

"அது தொறக்காதுங்க!" என்று வெடித்தார் மாப்பிள்ளை. கதவில் தொடங்கி ஹாரன், ஏசி, பம்பர் என்று அத்தனையையும் மூச்சுவிடாமல் கொட்டினார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மா மறுபக்கமாக இறங்கி வந்தார். மழலையர் பள்ளி டீச்சராம். கதவை வெளியிலிருந்து திறந்து, அதன் விளிம்பில் விரலைவிட்டு எதையோ நிமிண்டினார். உள்ளே உட்கார்ந்து சாத்தினார். இந்தத் தடவை கதவு உள்ளேயிருந்தே திறந்தது.

"சைல்ட் லாக்குங்க, பிள்ளைங்க உள்ளேயிருந்து தொறந்துடாம இருக்க. எங்க ஸ்கூல் வேன்லயும் இருக்கு. யாரோ போட்டுவிட்டிருக்காங்க."

போட்டோகிராபருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இல்லாத குறையவே சொல்ற மனுஷன், இருக்கறதயா மறைக்கப் போறாரு? வண்டிய நாங்களே எடுத்துக்கறோம்."

கார் போனது. மகள் ஷோரூமுக்கு ஓடினாள். மாப்பிள்ளை மட்டும் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தன வருஷமா தப்பு கார் மேலன்னு சொல்லிட்டிருந்தேனே அத்தை."

"அப்ப யார் மேல மாப்பிள்ளை?" என்றேன். தட்டு விஷயத்தை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ.

சாயங்காலமே புதுக் கார் வந்துவிட்டது. மறுநாள் காலை மகள் பையை மாட்டிக்கொண்டு, ராணி மாதிரி ஏறி உட்கார்ந்து, பின்னால் எடுத்தாள். "ஒடி... ஒடி... போதும்" என்று இவர் கத்தி முடிப்பதற்குள், கர்ரென்று தூணில் ஓர் உரசல்.

மகள் வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அவர் மேசைக்கு முன்னால் மிக்ஸியோடு நிற்கிறவர்கள் மாதிரி அவரையே பார்த்தாள்.

மாப்பிள்ளை குனிந்து கீறலைக் கட்டைவிரலால் தடவினார். தூணைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தார். புதுக் காருக்கும் அம்மை போடப் போகிறது என்று நான் நினைத்தேன்.

அவர் காரைத் தாண்டிப் போய் அதைத் தூணில் ஒட்டினார். இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி கிட்டத்தில் போய்க் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தார்.