சான்றிதழும் செத்தவீடும்

ஏறாவூர்ப் பக்கம் எங்கள் கார்மென்ட்ஸில் தைக்கும் உடுப்புகளை வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்குத் திடீரென்று ஒரு கவலை வந்தது. ஊழியர் விவகாரம் பார்ப்பவரிடம் அதற்கான தொழில்முறைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். பார்ப்பவன் நான். என்னிடம் இருந்தது கொஞ்சம் நரையும் நிறைய வாசிப்பும். சான்றிதழ் எடுக்காவிட்டால் என் கதிரைக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வருவார் என்று எங்கள் காத்தான்குடி முதலாளி மரியாதையாகச் சொன்னார்.

முதல் முறை சித்தியடையவில்லை. கேள்விகளில் குறையில்லை, நான்தான் மட்டக்களப்பான். ஓர் ஊழியர் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வரவில்லை, முதலில் என்ன செய்வீர்கள்? எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டுமாம். நான் வீட்டுக்கு ஆளனுப்பிச் சுகமா என்று விசாரிப்பேன் என்ற விடைக்குப் புள்ளடி போட்டிருந்தேன்.

கணிதம் படிப்பிக்கும் என் மனைவி வினாத்தாளைப் பற்றிக் கேட்டுவிட்டு வழி சொன்னாள். "இஞ்சாருங்க, நீங்க செய்வீங்க எண்டு நினைக்கிறத விட்டுட்டு மத்ததுக்குப் புள்ளடி போடுங்க."

போட்டேன். சித்தி.

கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகுதான் தெரிந்தது, சான்றிதழுக்கும் பால்மா போலக் காலாவதித் திகதி உண்டு. அதைப் புதுப்பிக்கப் பயிற்சி வகுப்புகளில் இருந்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். போதாவிட்டால் மறுபடியும் சோதனை. ஊழியர்களுக்கு நேர முகாமைத்துவம் போதிக்கும் நான் கடைசி வகுப்பைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டேன். இணையவழி வகுப்பு. தொடக்கம் முதல் முடிவுவரை கமராவில் முகம் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை.

அன்று காலை எங்கள் சூப்பர்வைசர் பெண்பிள்ளையின் தகப்பன் சித்தாண்டியில் காலமானார். தையல் பகுதி அப்படியே எழுந்து போய்விட்டது. பிரேதப் பெட்டி எடுக்கும்வரை கம்பனிக் கந்தோரிலிருந்து ஒருவர் அங்கே நிற்காவிட்டால் ஊர் மன்னிக்காது. போனேன். வகுப்பு நேரம் வந்ததும் கொட்டகையின் மூலையில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அன்றைய பாடம், துக்க விடுமுறைக்கான விதிகள்.

கொழும்பிலிருந்து வகுப்பெடுத்த அம்மணி எங்கே இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கள ஆய்வில் என்றேன். மகிழ்ந்து போனார்.

பாதி வகுப்பில் செத்தவரின் அக்கா என்னைக் கண்டுவிட்டார். "போனில வெளிநாட்டில இருந்து ஆரு மகன்? எங்கட மூத்தக்காட பிள்ளையா?"

"இல்ல மாமி, இது கந்தோர் விசயம்."

"கந்தோர் ஆக்களும் பாக்கட்டும், பாவம்."

வர முடியாத சொந்தங்களுக்குச் செத்தவீட்டைப் போனில் காட்டுவது இப்போது எங்கள் வழக்கம். என் போன் கைமாறியது. காதில் செருகியிருந்த இயர்போன் கழன்று விழுந்தது. பறிக்கலாம்தான், ஆனால் செத்தவீட்டில் ஒரு கிழவியிடம் போனைப் பறித்தவன் என்று பெயரெடுக்க எனக்குத் துணிவில்லை. போன் கைக்குக் கை போய்ப் பெட்டியடிக்கு வந்து சேர்ந்தது. "பாரு மகள், உங்கட மாமாவ வடிவாப் பாரு," என்று மாமி ஒப்பாரியோடு அம்மணிக்குப் பிரேதத்தைக் காட்டினார். அம்மணி வாயில் கையை வைத்தபடி எதையோ சொன்னார். "அழாத கிளி," என்று மாமி தேற்றினார்.

அதற்குள் ஒருவர் என் தோளைத் தொட்டார். "சேர், பெட்டி எடுக்கப்போறம். கார்மென்ட்ஸ் ஆக்கள் ஒரு பக்கம் பிடிக்கணுமாம்."

பிடித்தேன். கனம். போன் வீட்டில் பெண்களோடு நின்றுவிட்டது. மயானத்திலிருந்து திரும்பி வந்தபோது வகுப்பும் முடிந்திருந்தது, சார்ஜும் முடிந்திருந்தது.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. தேவையான நேரம் முகம் தெரியாததால் புள்ளி இல்லை, ஆழ்ந்த அனுதாபங்கள், இறந்தவர் பெற்றோராகவோ துணையாகவோ பிள்ளையாகவோ இருந்தால் சலுகை கோரலாம், உறவைக் குறிப்பிடவும்.

வேலைக்குத் திரும்பிய சூப்பர்வைசர் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். வீங்கிய கண்ணோடு சிரித்தாள். "என்ற அப்பாவ உங்கட அப்பா எண்டு போடுங்க சேர். அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு, எங்கள் ஊழியரின் தகப்பன் என்று எழுதி அனுப்பினேன். சலுகை கிடைக்கவில்லை.

மறுபடி சோதனை. அதுவும் வேலைநாளில், கொழும்பில். விடுமுறைக் கடிதத்தோடு காத்தான்குடி முதலாளியிடம் போனேன். சான்றிதழைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் வருவதற்குள் சித்தியடைந்தால் கதிரை எனக்கு என்றார். கடிதத்தை வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"சோதினைக்கு லீவு எண்டு எழுதினா மத்தாக்களும் கேப்பாங்க தம்பி. செத்தவீடு எண்டு எழுதிட்டு வாங்க. அதுக்கு இஞ்ச ஆரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க."