அம்மா நடக்கும் தொண்ணூறு நொடி

ஒரு நொடி ஓட இருபத்து நாலு படம் வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அதைக் கேட்ட அன்றே வகுப்பில் பாதிப் பேருக்கு முகம் வாடிவிட்டது. அனிமேஷன் படித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள், ஏதாவது ஒரு வேலையை மூன்று தடவை முதலிலிருந்து செய்திருந்தால் போதும், நம்ம ஆள்தான்.

கடைசி வருடம் ஆளுக்கொரு குறும்படம் செய்து கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் டிகிரி. நான் எடுத்த கதை சின்னது. பனியன் கம்பெனியில் தைக்கிற ஒரு பெண், வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வருகிறாள். வீரபாண்டியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் சாயங்காலமானால் அப்படி வரிசையாகப் பெண்கள் வருவார்கள். அதில் ஒருத்தர் என் அம்மா. ஓவர்லாக் டெய்லர்; மூன்று நாலு நூல்கண்டு மாட்டிய மெஷினில் துணியின் ஓரத்தைப் பிரியாமல் தைப்பவர்.

விளக்கம்

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்காவுக்கு, நான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னதான் செய்கிறேன் என்று சந்தேகம். ஒருநாள் துணி காயப்போட மாடிக்கு வந்தவர் அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் பொறுமையாகச் சொன்னேன். முதலில் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொம்மையைச் செய்ய வேண்டும், அதற்குள் எலும்பு மாட்ட வேண்டும், பிறகு கையையும் காலையும் துளித்துளியாக நகர்த்த வேண்டும். காலையிலிருந்து என் பொம்மை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்றும் காட்டினேன். ஒன்றரை எட்டு.

அவர் நன்றாகப் பார்த்துவிட்டு எழுந்தார். "அதுக்கு நீயே நடந்து போயிருந்தா இந்நேரம் பல்லடம் சேர்ந்திருப்பியே கண்ணு."

நடை

பொம்மை நடப்பது போலவே இல்லை. வழுக்கிக்கொண்டு போனது. நிஜமாக யாராவது நடப்பதைப் பார்த்துச் செய் என்றார்கள் கல்லூரியில். அம்மாவைத் தெருவில் நிற்கவைத்து போனில் படம் பிடித்தேன். போனைக் கண்டதும் அம்மா கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிற மாதிரி நடந்தார். நாலு தடவை எடுத்தும் அதே நடைதான். கடைசியில், அவர் வேலை முடிந்து வருகிற நேரம் மாடியிலிருந்து தெரியாமல் எடுத்தேன்.

அதை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அம்மாவின் வலது கால் தூக்கி வைக்கப்படவில்லை. இழுபடுகிறது. பாதம் அப்படியே தட்டையாக விழுகிறது. மூன்று எட்டுக்கு ஒரு தரம் கை இடுப்புக்குப் போகிறது. நாளெல்லாம் பெடலை மிதிக்கிற கால். அம்மாவோடு இருபத்தொரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன்; இதைப் பார்க்க எனக்கு ஒரு வீடியோ வேண்டியிருந்தது.

மனசு கேட்காமல் அம்மாவிடம் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். திரும்ப ஒரு தடவை போடச் சொன்னார். "நான் நேராத்தான் நடக்கறேன்னு நெனைச்சுட்டு இருந்தனே சாமி. ஒருத்தரும் சொல்லவே இல்ல பாரு."

கரண்ட்

அசைவு வேலை முக்கால்வாசி முடிந்ததும், அதுவரைக்குமான படங்களைக் கம்ப்யூட்டரே வரைந்து கோத்துத் தரும்படி விட்டேன். இதற்கு ரெண்டு நாள் ஆகும். தனித்தனிப் படமாக வாங்கியிருந்தால் நடுவில் நின்றாலும் அதுவரை வந்தது மிஞ்சியிருக்கும். நான் சோம்பல்பட்டு ஒரே வீடியோவாகக் கேட்டிருந்தேன். ரெண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. அதுவரை கோத்ததெல்லாம் போனது.

தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மாடிக்கு வந்த வீட்டுக்கார அக்காதான் விஷயத்தைச் சொன்னார். "இன்னைக்கு மாசக் கரண்ட் கட்டுங்கண்ணு, சாயங்காலந்தான் வரும். நேத்தே பேப்பர்ல போட்டிருந்தானே, நீங்க படிக்கற புள்ளைக பேப்பர் பாக்கறதில்லையா?"

திருத்தம்

மிச்ச வேலையையும் முடித்து, மறுபடி முழுசாகக் கோத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். எங்கள் சார் இருபது நொடி பார்த்துவிட்டு நிறுத்தினார். "நடை தப்பு. ரெண்டு காலும் ஒரே மாதிரி வரணும். மாத்திட்டு வா."

சமர்ப்பிக்க ஒன்பது நாள்தான் இருந்தது. வாதாடத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து வலது காலைச் சரிசெய்தேன். ரெண்டு நாள் ஆனது. இப்போது பொம்மை அழகாக நடந்தது. தலைவலி மாத்திரை போட்டுக் குணமான விளம்பரப் பெண்மணி மாதிரி இருந்தது. அம்மா பின்னால் நின்று பார்த்தார். பிறகு சோறு போடப் போய்விட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. சரிசெய்ததை அழித்துவிட்டு, பழைய நடையையும் அம்மாவின் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாரிடம் மறுபடி போனேன். "பெயிலானாலும் பரவாயில்லீங்க சார், இப்படித்தானுங்க நடக்கறாங்க" என்றேன்.

சார் மூன்று தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க ஊட்டுக்காரம்மாவும் பனியன் கம்பெனிதான், செக்கிங். நாளெல்லாம் நின்னே துணி பாக்கற வேலை. எப்படி நடக்கறாங்கன்னு நான் பாத்ததில்லம்மா."

திரையிடல்

படத்தைத் திரையிட்ட அன்று அம்மா அரைநாள் லீவு போட்டு, பட்டுப்புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். தொண்ணூறு நொடி ஓடி முடிந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல நடை என்று எழுதிக்கொண்டார். கை தட்டினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்தேன். ஏதாவது ஒரு வார்த்தை வரும் என்று. படத்தின் தொடக்கத்தில் நாலு நொடி ஒரு தையல் மெஷின் வரும். காலுக்கு மூன்று வாரம் கொடுத்த நான், அதை மட்டும் யாரிடமும் கேட்காமல் அரைமணியில் செய்திருந்தேன்.

அம்மா என் காதருகே சாய்ந்தார். "படம் நல்லாருக்குது கண்ணு. ஆனா அது ஓவர்லாக் மெஷினில்ல. ஒத்தை நூல்கண்டு வெச்சு அதுல என்னத்தத் தைக்கறது?"

பாஸாகிவிட்டேன், இப்போது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் விளம்பரத்துக்காக, உள்ளே ஆளில்லாத பனியன்களைத் திரையில் சுற்றவிடுகிறேன், அதற்கும் திருத்தம் சொல்ல ஆறு பேர் இருக்கிறார்கள்.