நாற்பது வீட்டுக் குறிகள்

எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் சட்டம் போட்ட காகிதம் ஒன்று தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அது கல்யாணப் பதிவுச் சான்றிதழ் என்றோ, வாடகை ஒப்பந்தம் என்றோ நினைத்துக்கொள்வார்கள். அது என் அம்மாவின் வயர்லெஸ் லைசென்ஸ். சொந்தமாக ஒரு பெட்டி வைத்துக்கொண்டு வானலையில் யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம் என்று சர்க்கார் அம்மாவுக்குக் கொடுத்த அனுமதி. அதை வாங்குவதற்குள் நான் மட்டாஞ்சேரியில் மூன்று வீடுகளைக் கலங்கடித்துவிட்டேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் அப்பாவும் கோட்டைக் கொச்சியில் இருக்கும் தோபிகானாவில் துவைப்பார்கள். கொச்சங்காடியில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் காயவைப்பதும், கீழே தேய்ப்பதும். மாடியில் இரண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருப்போம். முறுக்கின் நடுவே துணியின் முனையைச் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் பறக்காது. கிளிப் வாங்குகிறவர்களைப் பார்த்தால் அப்பாவுக்குச் சிரிப்பு வரும்.

வாடிக்கை வீடுகள் நாற்பது. அதில் ஒன்று கப்பல் சாருடையது. கப்பலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டு வராந்தாவில் துணியை எண்ணிக் கொடுக்கப் போன அம்மா ஒரு சனிக்கிழமை அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். உள்ளே பெட்டிக்குள்ளிருந்து ஒருவர் பேசினாராம். தூத்துக்குடிக்காரர். இன்னொருவர் எங்கேயோ அஸ்ஸாமிலிருந்து. முன்பின் தெரியாதவர்கள், ஒருவர் வீட்டில் என்ன சமையல் என்று இன்னொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல ஆரு வேணாலும் பேசலாமா சாரே?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"பன்னிரண்டு வயசு கழிஞ்ஞா ஆர்க்கும் பரீட்ச எழுதாம்" என்றார் அவர். பன்னிரண்டு வயதானால் யாரும் எழுதலாம் என்றதை அம்மா தனக்கு வந்த அழைப்பிதழாகவே எடுத்துக்கொண்டாள். வயது எனக்கும் சரியாக இருந்ததால் நானும் சேர்ந்துகொண்டேன்.

எனக்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது. அந்தப் பெட்டியில் பேசுகிறவர்களுக்குப் பெயருக்கு முன்னால் ஒரு குறியெண் உண்டு. சில எழுத்துகளும் ஓர் எண்ணும். உலகம் முழுக்க அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவிலோ எனக்கு இருந்த ஒரே முகவரி 'அலக்குகாரியுடெ மகள்'. வெளுக்கிறவளின் மகள். பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளின் சீருடையிலிருந்து எங்கள் கஞ்சி வாசம் வந்தாலே எனக்கு முகம் சுருங்கிவிடும். வானலையில் அந்த வாசம் போகாது. அம்மாவும் அதற்காகத்தான் ஆசைப்படுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

படிப்பு தொடங்கியது. புத்தகம் இங்கிலீஷில். நான் மலையாளத்தில் புரிந்துகொண்டு தமிழில் சொல்வேன். எனக்கு அப்போது தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. அம்மா கேட்டுக் கேட்டுப் பால்காரன் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வாள். மின்சாரம், அலை, நீளம் என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடம் தண்ணீர்க் குழாயிலும் அயர்ன் பெட்டியிலும் உதாரணம் இருந்தது. தேய்ப்பு மேசையிலிருந்து அப்பா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டபடியே கிண்டல் செய்வார்.

"பரீட்ச பாஸாயா எந்தா, அயர்ன் பெட்டி தன்னால சூடாகுமா?"

"உங்க வாய் சூட்டுல வேணா தேச்சுக்கலாம்" என்பாள் அம்மா.

மோர்ஸ் வந்தபோதுதான் வேடிக்கை. புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்புகிற முறை அது. பெரிய லைசென்ஸ் வேண்டுமென்றால் அதைக் காதால் கேட்டு எழுதவும், கையால் தட்டி அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். நான் திணறினேன். அம்மா நான்கே நாளில் முடித்துவிட்டாள். காரணம் எங்கள் தொழிலில் இருந்தது. நாற்பது வீட்டுக்கும் நாற்பது குறி வைத்திருந்தோம். அவையும் புள்ளியும் கோடும்தான். முன்பெல்லாம் துணி ஓரத்திலேயே மையால் போடுவார்கள். வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்த பிறகு, தேய்த்த துணியை மூட்டையாகக் கட்டி, அதன் மேல் குறி போட்ட நாடாவை முடிச்சுப் போடுவது வழக்கமாயிற்று. ஒரு புள்ளி ஒரு கோடு என்றால் லாட்ஜ். ஒரு கோடு இரண்டு புள்ளி என்றால் வக்கீல் வீடு. புள்ளி, கோடு, இரண்டு புள்ளி என்றால் டாக்டர் வீடு. அம்மா மூட்டையைப் பார்க்கவே மாட்டாள். நாடாவைப் பார்த்தாலே வீட்டுப் படி வரைக்கும் சொல்லிவிடுவாள்.

நாடா எழுதுவது என் வேலை. பரீட்சைக்கு விண்ணப்பம் கொடுக்க அம்மா போட் ஏறி எறணாகுளம் போன அன்று, நான் ஓர் அரிய காரியம் செய்தேன். பழைய வண்ணான் குறிகளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் முதல் இங்கிலீஷ் எழுத்தை மோர்ஸில் எழுதிக் கட்டினேன். அம்மாவுக்கும் பயிற்சியாயிற்று, எங்கள் தொழிலும் கொஞ்சம் வயர்லெஸ் மாதிரி ஆயிற்று என்று கணக்கு. அம்மா வந்து பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்பதற்காக அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. நான்கு மூட்டைதான் எழுதியிருந்தேன். அதற்குள் பசித்தது, சாப்பிடப் போய்விட்டேன்.

அப்பா வந்தார், நாடாவைப் பார்த்தார், ஸ்கூட்டரில் மூன்று மூட்டையை ஏற்றினார். மோர்ஸில் 'ஏ' என்பது ஒரு புள்ளி ஒரு கோடு. அட்வகேட்டுக்காக நான் எழுதியது. அப்பாவுக்கு அது லாட்ஜ். 'டி' என்று நான் டாக்டருக்குப் போட்டது அப்பாவுக்கு வக்கீல் வீடு. லாட்ஜுக்காகப் போட்ட 'எல்' அப்பாவுக்கு டாக்டர் வீடு. வக்கீலின் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையும் லாட்ஜுக்குப் போயின. டாக்டரின் மனைவியின் பட்டுப் புடவைகள் வக்கீலிடம் போயின. லாட்ஜின் பதினெட்டுப் படுக்கை விரிப்புகளை டாக்டர் வீட்டில் வைத்துவிட்டு, அப்பா ஒரு சாயா குடித்துவிட்டுத் திருப்தியாக வீடு திரும்பினார்.

பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது. வக்கீலுக்கு அரைமணியில் கோர்ட். லாட்ஜில் புதிதாக ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள், படுக்கையில் விரிக்கத் துணி இல்லை. இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று லாட்ஜ்காரர் சொன்னது எனக்கே கேட்டது. நாற்பதில் பாதி வருமானம் அந்த லாட்ஜ். இருபது வருஷத்தில் ஒரு கைக்குட்டை மாறியதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவர் அப்பா. எப்படித் தவறியது என்றே அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, தேய்ப்பு மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அம்மா அந்தச் சமயத்தில்தான் உள்ளே வந்தாள். அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டு, "எல்லாம் இந்தப் பரீட்சக் கிறுக்கால வந்தது. வீட்ல ஒருத்தருக்கும் புத்தி வேலைல இல்ல. இனி அந்தப் புத்தகத்த இந்த வீட்ல பாக்கக் கூடாது, கேட்டியா" என்றார். போகாமல் மிச்சமிருந்த நான்காவது மூட்டையின் நாடாவை அம்மா கையில் எடுத்தாள். நிதானமாக, "எம்… மசாலாக் கிட்டங்கி முதலாளி வீடு" என்று வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "எதெதுக்கு எந்த எழுத்து போட்டே, சொல்லு" என்றாள். சொன்னேன். எந்த மூட்டை எங்கே போயிருக்கும் என்று ஒரு நிமிஷத்தில் மனதிலேயே மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். முதலில் லாட்ஜுக்குப் போய்க் கோட்டை எடுத்தோம். வக்கீல் பனியனோடு வாசலில் நின்றார். அம்மா கோட்டைக் கொடுத்துப் புடவைகளை வாங்கிக்கொண்டாள். டாக்டர் வீட்டில் புடவைகளைக் கொடுத்துவிட்டு விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி லாட்ஜுக்கு ஓடினோம். எல்லா இடத்திலும் ஒரே வார்த்தைதான்: "குறி மாறிப் போச்சு, எங்க தப்பு." என் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. அம்மாவே விரிப்புகளைக் கட்டிலில் விரித்துக் கொடுத்ததைப் பார்த்து லாட்ஜ்காரர் அடங்கிப்போனார்.

அன்று சாயங்காலம் புத்தகம் அரிசி டின்னின் மேல் கிடந்தது. அப்பா அதைப் பார்க்காதது மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதைத் தைரியமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாப்பது வீட்டுக் குறிய இத்தன வருஷமா தலைல வச்சிட்டிருக்கேன். ஒண்ணு மாறுனதுண்டா? இருபத்தாறு எழுத்து எனக்கு ஒரு பாரமா?"

மறுநாள் காலை அப்பாவின் போனிலிருந்து மோர்ஸ் சத்தம் கேட்டது. அதற்கென்று ஏதோ ஆப் இறக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சட்டைக்கும் ஓர் எழுத்து. அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டே பதில் சொல்வாள். தப்பாகச் சொன்னால் அந்தச் சட்டையை மறுபடி எடுத்துத் தேய்ப்பார். அவர் அப்படிச் சமாதானமானது எனக்கு எவ்வளவு நிம்மதி!

பரீட்சை நடந்தது. கேள்விகள் இங்கிலீஷில்தான், ஆனால் மாதக்கணக்கில் என்னோடு படித்ததில் அம்மாவுக்கு அது பிடிபட்டிருந்தது. இரண்டு பகுதி. ஒன்று வயர்லெஸ் எப்படி வேலை செய்கிறது என்பது, இன்னொன்று விதிமுறைகள். அம்மா இரண்டிலும் தேறினாள், மோர்ஸிலும் தேறினாள். நான் விதிமுறைகளில் தோற்றேன். வேறெதில் தோற்றிருந்தாலும் அப்பா அவ்வளவு சிரித்திருக்க மாட்டார்.

பிறகு ஒரு நாள் லைசென்ஸுக்கான விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். பட்டுப் புடவை விவகாரம் கேஸாகிவிட்டது என்று அப்பா நடுங்கிப்போய் அவருக்கு இரண்டு சாயா கொடுத்தார். லைசென்ஸ் வந்தபோது அதில் அம்மாவுக்கென்று ஒரு குறியெண் இருந்தது. நான் அதை நோட்டுகளின் அட்டையிலெல்லாம் எழுதிவைத்துக்கொண்டேன்.

கப்பல் சார் தன் பழைய பெட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். லைசென்ஸ் இல்லாதவர்களிடம் கொடுக்கக் கூடாது என்பதால் அத்தனை மாதம் காத்திருந்தார். மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று கையடக்கமானது, மஞ்சள் வெளிச்சம் எரியும், பொத்தானை அழுத்திப் பேசலாம். போலீஸ்காரர்கள் வைத்திருப்பதைப் போலவே இருந்தது. மற்றொன்று ஒரு சாப்பாட்டு டப்பா அளவுத் தகரப் பெட்டி. பேச முடியாது, பக்கத்தில் இருக்கும் கட்டையைத் தட்டி மோர்ஸ் மட்டும்தான் அனுப்பலாம். ஆனால் கம்பியைச் சரியாகக் கட்டினால் வெகுதூரம் போகும் என்றார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து மஞ்சள் வெளிச்சத்தின் பக்கம் இழுத்தேன். அம்மா கட்டையில் விரலை வைத்து இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

"எனக்கு இது மதி சாரே, இதே போதும். இது என் கைக்குத் தெரியும்."

ஆட்டோவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் எனக்கே சமாதானம் தோன்றிவிட்டது. பேசினால் எங்கள் பேச்சு வெளியே தெரிந்துவிடும். தட்டினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அம்மா கெட்டிக்காரி.

மாடியில் துணிக் கயிற்றுக்கு மேலே ஏரியல் கம்பி கட்டினோம். அதில் யாரும் துணி போடக் கூடாது என்று உத்தரவு போட்ட அப்பாவே, முதல் நாள் தன் ஈர லுங்கியை அதில் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா முதல்முறையாகக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. விசாகப்பட்டினத்திலிருந்து ஒருவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். பெயர், ஊர், சத்தம் தெளிவாக இருக்கிறது என்பதெல்லாம் ஆன பிறகு அவர் கேட்டார்: தட்டுவது வெகு சுத்தமாக இருக்கிறதே, நீங்கள் தந்தி ஆபீஸில் இருந்தவரா, கப்பலில் இருந்தவரா?

"தந்தி ஆபீஸுன்னு சொல்லும்மா" என்று காதில் கிசுகிசுத்தேன்.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். தட்டினாள். டி. எச். அடுத்தது ஓ வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பி, ஐ. தோபி.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பென்சிலைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். இவ்வளவு படித்து, பரீட்சை எழுதி, போலீஸ் வந்து, குறியெண் வாங்கி, ஒருவரும் கண்டுபிடிக்க முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, இவளே போய்ச் சொல்கிறாளே! மறைந்துகொள்ளத்தான் அம்மா அங்கே போகிறாள் என்று அதுவரை நம்பியிருந்தேன். கீழே கட்டை தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் அம்மா சிரிப்பதும் கேட்டது. அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

யாரோடு பேசினாலும் நோட்டில் பதிந்துவைக்க வேண்டும் என்பது விதி. சாயங்காலம் திறந்து பார்த்தேன். நேரம், குறியெண், ஊர் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் குறிப்பு எழுதும் இடத்தில் மட்டும் எழுத்தே இல்லை. இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி, கீழே சின்னதாக ஒரு வளைவு. மோர்ஸில் அப்படி வளைவு கிடையாது. எங்கள் நாற்பது வீட்டில் எந்த வீட்டுக்கும் அந்தக் குறி கிடையாது. அம்மா அவருக்காகப் புதிதாகப் போட்ட நாற்பத்தோராவது குறி அது.

அவசரத்தில் எங்கள் தொழில் பழக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது, யாராவது பார்த்தால் மானம் போகும் என்று நினைத்தேன். ரப்பரால் நன்றாக அழித்தேன். அங்கே இங்கிலீஷில் 'வெரி குட்' என்று அழகாக எழுதிவைத்தேன். அம்மாவுக்குப் பெரிய உதவி செய்துவிட்ட திருப்தியோடு தூங்கினேன்.

மறுநாள் பார்த்தால், நான் எழுதியதற்குப் பக்கத்தில் அதே குறி மறுபடியும் இருந்தது. இந்த முறை அழியாத மையில். அம்மா எப்போதும் போல் எனக்குத் தலை வாரிவிட்டாள். பாவம், அம்மாவுக்கு விதிமுறை தெரியவில்லை என்றே நினைத்துக்கொண்டேன், விதிமுறைப் பரீட்சையில் தோற்ற நான்.