கிளாரிசாவின் வாசலோரப் பெட்டி

கிழங்கு மசிக்கும் கட்டையைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டிப் பிடித்திருக்கிறாள் கிளாரிசா. “இது என்ன செய்யுது? ரெண்டே வார்த்தையில சொல்லுங்க.”

“கிழங்கை மசிக்குது,” என்கிறான் டெரன்ஸ்.

“அதைத்தான் கரண்டியும் செய்யுது. ஒரு வேலைக்கு ரெண்டு சாமான் எதுக்குலா?”

கட்டை வாசலோரப் பெட்டிக்குள் விழுகிறது. மாதக் கடைசியில் அந்தப் பெட்டி தேவாலயத்தின் பழைய சாமான் விற்பனைக்குப் போய்விடும்.

கிளாரிசா ஆயர் குரோ நகரில் மின்விசிறித் தொழிற்சாலை ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறாள். மின்விசிறி என்ற சொல்லே அவள் வாயில் வராது. “காத்தை நகர்த்துது” என்பாள். எதற்கு நகர்த்த வேண்டும்? வியர்வை காய. எதற்குக் காய வேண்டும்? ஆள் நிம்மதியாக உட்கார. இப்படித் தோண்டிக்கொண்டே போய் அடியிலிருக்கும் நோக்கத்தைப் பிடித்துவிட்டால், பொருளை எப்படி வேண்டுமானாலும் செய்யலாம், செய்யாமலும் விடலாம் என்பது அவள் கட்சி. இதைத் தொழிற்சாலையோடு விட்டிருந்தால் டெரன்ஸ் பிழைத்திருப்பான். செலண்டார் ஊரிலிருக்கும் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

முதலில் மாட்டியது வாசல் திரை. அது என்ன செய்கிறது? கூடத்தை மறைக்கிறது. எதற்கு? பக்கத்து வீட்டு தேவிஸ்ரீ அக்கா எட்டிப் பார்க்காமலிருக்க. அக்கா ஏன் எட்டிப் பார்க்கிறார்? என்ன சமையல் என்று தெரிந்துகொள்ள. அவ்வளவுதானே! இப்போது கிளாரிசா தினமும் சமையல் விவரத்தை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறாள். திரை பெட்டிக்குள் போய்விட்டது. அக்கா எட்டிப் பார்ப்பதில்லை. உப்பு சரியா என்று மட்டும் திருப்பிக் கேட்கிறார்.

டெரன்ஸ் பள்ளியில் கேரம் ஆடி வாங்கிய கோப்பையும் தப்பவில்லை. “தூசியைச் சேர்க்குது,” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான டெரன்ஸ் தன்னைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அவன் என்ன செய்கிறான்? ஊறுகாய்ப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தான். அதற்கு ரப்பர் பிடி வந்துவிட்டது. கரப்பான் அடித்துக்கொண்டிருந்தான், அதற்கு மருந்து வந்துவிட்டது. கனத்த கேஸ் சிலிண்டர் தோம்பை இப்போது கடைக்காரனே அடுப்படிவரை தூக்கி வந்து வைத்துவிடுகிறான்.

பொறுக்க முடியாமல் கேட்டே விட்டான். “கிளா, என்னைப் பத்தி என்னதான் முடிவு?”

“இன்னும் அனலைஸ் பண்ணல,” என்றாள், சிரிக்காமல்.

பாவம், பயந்துபோய் வீட்டுக்குள் தனக்கொரு வேலை தேட ஆரம்பித்தான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய, முனையில் ஐந்து விரல் செதுக்கிய மூங்கில் குச்சியால் கிளாரிசா சாயங்காலந்தோறும் முதுகு சொறிந்துகொள்வாள். ஒரு நாள் குச்சி கைக்கு எட்டவில்லை. டெரன்ஸ் பாய்ந்து போய்ச் சொறிந்தான்.

“இன்னும் கீழ. ஆங், அங்கதான்.”

அந்தச் சந்தோஷம் சோறு தின்னும் வரைக்கும்கூட நிற்கவில்லை. ஒரு வேலைக்கு இப்போது இரண்டு சாமான்! ஒன்று போயாக வேண்டும். குச்சி குறட்டை விடாது. மீன் குழம்பில் குறை சொல்லாது. ஈரத் துண்டைக் கட்டிலில் போடாது. எப்படிப் பார்த்தாலும் குச்சிதான் ஜெயிக்கும் என்று அவனுக்கே தோன்றியது. அன்றிலிருந்து துண்டைக் கொடியில் போடுகிறான், குழம்பு அருமை என்கிறான், மல்லாந்து படுப்பதில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். தேவாலயத்துக்குப் போகும் பெட்டியை கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். மூடி சரியாக மூடவில்லை. இடுக்கில் மூங்கில் குச்சியின் ஐந்து விரல்களும் நீட்டிக்கொண்டிருந்தன.

“கிளா,” என்று குச்சியைத் தொட்டுக் காட்டினான், “இது நல்ல குச்சியாச்சே?”

அவள் தேவிஸ்ரீ அக்காவுக்கு ‘இன்னிக்கு ரசம்’ என்று தட்டிக்கொண்டிருந்தாள். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாற்காலியில் அப்படியே திரும்பி உட்கார்ந்து, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, முதுகை அவன் பக்கம் காட்டினாள்.