ஹெப்ரான் பேரில் ஓடிய ஆட்டம்

இன்பமணி டீச்சர் வீட்டில் கேபிளை நிறுத்தச் சொன்னவன் மகன் ஹெப்ரான்தான். ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்தவன், டிவிக்கு நெட் இணைப்புக் கொடுத்து, விளையாட்டு ஆப் ஒன்றைப் போட்டான்.

"இங்கன என் பேரை அமுக்குனா போதும்மா. நான் பாக்கதையே நீயும் பாக்கலாம்."

அதிலிருந்து கபடி நடக்கும் நாட்களில், பாளையங்கோட்டையில் அம்மாவும் ஷார்ஜாவில் மகனும் ஒரே ஆட்டத்தை நேரலையில் பார்த்தார்கள். பாடிப் போனவன் சும்மா மாட்டிக்கொண்டால், போனில் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவார்கள்.

அடுத்த விடுமுறைக்கு அவன் வரவில்லை. சாலை விபத்தில் இறந்தவனைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

பல மாதம் கழித்து, கபடி மறுபடி தொடங்கியபோது டீச்சர் டிவியைப் போட்டார். ஹெப்ரான் பேர் அப்படியே இருந்தது. அமுக்கினார். முந்தின நாள் நடந்த கால்பந்து ஆட்டம் ஒன்று பாதி பார்த்தபடி நின்றிருந்தது. டீச்சர் கால்பந்தே பார்ப்பதில்லை. மறுநாள் வேறோர் ஆட்டம்.

இதை ஜெபத்தில் சொல்லலாமா என்றுகூடத் தெரியவில்லை. விடிந்ததும் அவன் என்ன பார்த்திருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைப்பார்.

மகள் ரீபா வந்திருந்த சமயம், கபடி ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் போனிலும் அந்த ஆப்பை ஹெப்ரான் கணக்கில் திறந்தாள். ஏற்கெனவே இரண்டு இடங்களில் ஓடுவதாக எழுத்து வந்தது.

"ஒண்ணு நம்ம டிவி. இன்னொண்ணு யாரும்மா?"

"ஒன் தம்பிதான் பாக்கான்."

"எம்மா, என்ன பேசுத? யாரோ பாஸ்வேர்டு வச்சிருக்காங்க. மாத்திருவோம்."

"மாத்தாத ஏட்டி!"

ரீபா அனஸை அழைத்தாள். காயல்பட்டினத்துக்காரன், ஹெப்ரானோடு ஒரே அறையில் இருந்தவன். போனில் விஷயத்தைக் கேட்டதும் அவன் ஒப்புக்கொண்டான்.

"நான்தான்க்கா. ரூம் டிவியில அவன் போட்டு வச்சது. அந்தப் பேரை அழிக்கக் கை வரல. இனிமே பாக்க மாட்டேன், மன்னிச்சிருங்க."

டீச்சர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் திரையில் புதிதாக எதுவும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுதார். அடக்கத்தன்றுகூட அப்படி அழுததில்லை. சாயங்காலம் அவரே அனஸைக் கூப்பிட்டார்.

"எய்யா, ஏன் பாக்கல?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்ம்மா…"

"வீடு வெறிச்சுன்னு கெடக்கு. நீ பாருய்யா."

"சரிம்மா" என்றான் அனஸ்.

காலையில் ஒரு கால்பந்து ஆட்டம் கடைசிவரை ஓடி முடிந்திருந்தது. பார்த்தவன் அனஸ் என்று டீச்சருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் திரைக்குப் பக்கத்தில் போய், பைய, "பெறகாவது தூங்குனியாலே?" என்று கேட்டார்.