கழுவிக் கொடுத்த டப்பா

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துப் பரிசோதனைக்கூட ஜன்னலில் உட்கார்ந்திருப்பவளுக்கு, வந்துபோகும் அம்மாக்கள் வைத்த பெயர் டப்பாக்காரம்மா. மூடி போட்ட சின்ன டப்பாவைக் கொடுத்து, குழந்தை வெளிக்குப் போனதும் கொஞ்சம் எடுத்து உடனே கொண்டுவரச் சொல்வாள். முகம் சுளிக்கிறவர்களிடம், "தங்கத்தை உரசிப் பாக்கறதில்லையா, அதுமாதிரிதாம்மா" என்பாள்.

அவளுடைய கூடப்பிறந்த அக்காவுக்கு மட்டும் இந்த உத்தியோகம் ஆகவே ஆகாது. ஊரில் வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று கேட்டு, கைகழுவாமல் படியேற விடமாட்டாள்.

அந்த அக்காவின் கடைக்குட்டிதான் இப்போது வார்டில் கிடந்தது. காய்ச்சல், ரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு. கிருமி எதுவென்று தெரிகிறவரை பொறுக்க முடியாது என்று டாக்டர் வழக்கமான மருந்தை ஏற்றத் தொடங்கியிருந்தார். ஆளை அடிக்கும் கிருமி எது, அதை அடிக்கும் மருந்து எது என்பதைத் தட்டில் வளர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அக்கா கொடுத்துவிட்ட டப்பாவிலிருந்து கொஞ்சம் தடவி வைத்திருந்த தட்டை மறுநாள் காலை திறந்தாள். துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

கிருமி இல்லை என்று டாக்டர் அதைப் படித்துக்கொள்ளலாம். ஆனால் குழந்தையின் குடலில் நல்லதும் கெட்டதுமாக எத்தனையோ குடியிருக்கும். ஒன்றுகூட முளைக்காமல் போகுமா? மிச்சமிருந்த டப்பாவை மூக்கருகே கொண்டுபோனாள். பினாயில் வாடை.

வார்டுக்கு ஓடி, மருந்து ஏறுமுன் எடுத்த அந்த டப்பாவை என்ன செய்தாய் என்று கேட்டாள். அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை.

"உள்ளயும் வெளியயும் நல்லா பினாயில் விட்டுக் கழுவித்தாண்டி எடுத்தேன். உங்கூட வேலை செய்யறவங்க பாப்பாங்கல்ல? நம்ம வீட்டு லட்சணம் இதுதான்னு நினைக்கவா?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட நேரமில்லை. குழந்தை மறுபடி போனதும் புது டப்பாவில் தானே பிடித்து எடுத்துக்கொண்டு போனாள். முதல் தட்டை நம்ப வேண்டாமென்று டாக்டரிடமும் சொன்னாள். ஆனால் கிருமிக்கு அவசரம் தெரியாது. அது வளர்கிற வேகத்தில்தான் வளரும். அதற்குள் குழந்தைக்கு இரண்டு தடவை வலிப்பு வந்தது.

அடுத்த நாள் புதுத் தட்டில் கிருமி தெளிவாக முளைத்திருந்தது. ஏறிக்கொண்டிருந்த மருந்துக்கு அது அசையவே இல்லை; வேறொன்றுக்கு மடிந்தது. முடிவு எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்கு மாடியேறியபோது, குட்டியின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, அக்கா அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"நான் கழுவாம இருந்திருந்தா?"



"ஒரு நாள் முன்னாடியே மருந்தை மாத்தியிருப்பாங்க."

"பொழைச்சிருக்குமா?"

"தெரியாதுக்கா."

அக்கா அழவில்லை. அடுப்பு மேடையை ஒருதரம் துடைத்தாள். பிறகு, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் காலையிலிருந்து ரத்தமாகப் போகிறதாம் என்றாள்.

"பையில டப்பா இருந்தா ஒண்ணு குடு. அவன் அம்மாவும் என்னை மாதிரி சுத்தக்காரிதான். நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."