பழுதில்லாத லிஃப்டைப் பழுதுபார்த்தவர்

லிஃப்ட்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தப் பேட்டையில் பச்சைப்பிள்ளையும் வழி காட்டும். இருபத்தாறு வருஷமாக அதே சாம்பல் நிறச் சட்டை, தோளில் அதே தோல் பை. அடுக்குமாடிக் கட்டடங்கள் பதினொன்றின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. மேலே போகும்போது ஒரு முனகல் கேட்டால் போதும், எந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போடவேண்டும் என்று சொல்லிவிடுவார். இத்தனை கெட்டிக்காரரிடம் ஒரு குறை. எதிரே நிற்கிற ஆள் கொஞ்சம் முறைத்துப் பார்த்துவிட்டால் இவர் தலை தானாக ஆடிவிடும். "உங்க கழுத்துல எலும்பு வைக்க மறந்துட்டாங்க போல" என்பார் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறார், இவரும் சிரித்துக்கொண்டே கேட்கிறார்.

அப்படிப்பட்ட மனிதர் தேர்தல் நேரத்தில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்துக் கேட்டார் என்றால் அதற்குக் காரணம் மருந்துக்கடை அம்மா.

அந்த அம்மா பாலஸ்தீனத்திலிருந்து வந்து பதினொரு வருஷம் ஆகிறது. மெயின் ரோட்டுக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு நாளும் கை தவறியதில்லை. போன வருஷம் ஒருநாள் லிஃப்ட்காரரின் பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக இருமல் மருந்தை எடுத்து வைத்தார். "எனக்கு இருமலே இல்லையேம்மா" என்று இவர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. அன்று காலையில்தான் செய்தி வந்திருந்தது. காஸாவில் அக்காவின் வீடு குண்டில் போய்விட்டது. அக்கா புருஷனும் மூத்த பையனும் போய்விட்டார்கள். அக்கா இரண்டு பெண்களோடு கூடாரத்தில் இருக்கிறாள். லீவு கேட்கக்கூடத் தோன்றாமல் கடைக்கு வந்து நிற்கிறார் இந்த அம்மா. லிஃப்ட்காரர் அந்த இருமல் மருந்தையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

தேர்தல் அறிவித்ததும் கணக்கு டீச்சர் ஒருவர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு குழுவைக் கூட்டினார். தொகுதியின் பெரிய வேட்பாளர் அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்தத் தொகுதியில் ஓட்டு உள்ளவர்கள் நானூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தப் போருக்கு நம் நாட்டு ஆயுதம் போகக்கூடாது என்று கடைசிப் பொதுக்கூட்ட மேடையிலேயே சொல்லுவேன் என்றார். ஊரறிய மேடையில் சொன்ன பிறகு பாராளுமன்றத்தில் பின்வாங்குவது லேசில்லை. அதனால் அந்த நானூறுதான் குழுவுக்கு எல்லாம்.

மருந்துக்கடை அம்மாவுக்கு ஓட்டு இல்லை, குடியுரிமை இன்னும் வரவில்லை. ஓட்டு உள்ளவர் கதவைத் தட்டிப் பேசவேண்டும், இல்லாதவர் கூட நின்று பட்டியல் எழுதவேண்டும் என்று டீச்சர் முறை வைத்திருந்தார். லிஃப்ட்காரரும் அந்த அம்மாவும் ஒரு ஜோடி.

"அக்காவுக்காகக் கேக்க எனக்கு ஓட்டு இல்லண்ணா. உங்களுக்கு இருக்கு. நீங்க பேசுங்க, நான் எழுதறேன்" என்றார் அவர்.

சும்மா சொல்லக்கூடாது, பேசினார் மனிதர். உச்சி மாடிக்கு லிஃப்டில் போவார்கள், படியில் இறங்கிக்கொண்டே ஒவ்வொரு கதவாகத் தட்டுவார்கள். நம்ம லிஃப்ட்காரர் என்று எல்லாரும் திறந்தார்கள். சட்டையில் குழுவின் வட்ட பேட்ஜ் இருக்கும். மூன்று வாரத்தில் இந்த ஜோடி வாங்கியதுதான் அதிகம். கழுத்தில் எலும்பு முளைத்துவிட்டது என்று மனைவிகூட ஒத்துக்கொண்டார். இவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மிச்சம் இருந்தது பதினாலு மாடி டவர். மாடிக்கு நாலு, மொத்தம் ஐம்பத்தாறு வீடுகள். அதன் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், சிரிப்பை லாக்கரில் பூட்டி வைத்திருக்கிறார் என்று பெயர். லிஃப்ட் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பித்துக் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவரே. அதை நினைத்து இரண்டு நாள் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டு, மூன்றாம் நாள் சாயங்காலம் லிஃப்ட்காரர் கிளம்பினார்.

பதினாலாவது மாடியில் லிஃப்ட் நின்றது. கதவு திறந்ததும் எதிரே குப்பைப் பையோடு செயலாளரே நிற்கிறார்.

"என்னப்பா, இந்த நேரத்துல?"

கேட்டது அவ்வளவுதான். லிஃப்ட்காரரின் கை தானாக மார்புக்குப் போய் பேட்ஜைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டது.

"லிஃப்ட்ல சத்தம் வருதுன்னு போன் வந்துச்சு சார். பாக்க வந்தேன்."

"இவங்க யாரு?"

"தெரியலயே சார். நானும் இப்பத்தான் பாக்கறேன்."

அட பாவி மனுஷா! மூன்று வாரம் தோளோடு தோள் நின்றவளை, அண்ணா அண்ணா என்று கூப்பிட்டவளை, ஒரு குப்பைப் பைக்குப் பயந்து தெரியாது என்று சொன்னார்.

அந்த அம்மா பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். ஒரு வார்த்தை பேசியிருந்தால் இவர் பொய் அங்கேயே வெளுத்திருக்கும்.

"யாரைப் பாக்கணும்மா? யாரும் இல்லன்னா கீழ போங்க. இப்படிச் சொல்லாம கொள்ளாம மேல வரக்கூடாது" என்றார் செயலாளர்.

"மன்னிச்சிடுங்க" என்று அவர் லிஃப்ட் பக்கம் திரும்பினார். அதற்குள் லிஃப்ட்காரர், சொன்ன பொய்யை மெய்யாக்க லிஃப்டின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து சுவிட்சை அணைத்துவிட்டிருந்தார். ஒரு குறையும் இல்லாத லிஃப்ட், பாதி மூடிய கதவோடு செத்துப்போய் நின்றது. அந்த அம்மா ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். பிறகு படியில் இறங்கத் தொடங்கினார்.

இல்லாத பழுதைத் தேடி இவர் தலையை உள்ளே நீட்டினார். லிஃப்ட் போகிற பொந்தில் கீழே நடக்கிற சத்தமெல்லாம் மேலே வரும். செருப்புச் சத்தம் பதிமூன்றில் கேட்டது, பன்னிரண்டில் கேட்டது, ஒன்பதில் கொஞ்சம் நின்று மறுபடி இறங்கியது. செயலாளர் வீட்டுக்குள் போய் டார்ச் கொண்டுவந்து இவருக்கு வெளிச்சம் பிடித்தார். "பாவம்பா நீ, வீட்டுக்குப் போற நேரத்துலயும் வேலை" என்றார். இவருக்கு அந்தப் பொந்திலேயே விழுந்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் டவர் வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். சந்தேகத்துக்குரிய ஒரு பெண் மேல்மாடியில் காணப்பட்டதால் வெளியாட்களுக்கு அனுமதி இல்லையாம்.

கார் ஷெட்டில் டீச்சர் கேட்டார்: "எப்படி ஆச்சு இது?"

லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடை அம்மா சொன்னார்: "என் தப்பு டீச்சர். கேக்காம மேல போயிட்டேன்."

"ஓட்டு இருக்கறவங்க முன்னால போகணும்னு அதுக்குத்தானேம்மா சொன்னேன்" என்று டீச்சர் அலுத்துக்கொண்டார். எல்லாரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். லிஃப்ட்காரர் தேள் கொட்டிய திருடன்போல டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று நினைக்க நினைக்க டீ தீர்ந்தது, கூட்டமும் கலைந்தது.

கடைசி நாளில் கையெழுத்துகள் முன்னூற்று அறுபத்தொன்பது. வேட்பாளரின் உதவியாளர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, "நானூறுன்னுதானே பேச்சு" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். கடைசிக் கூட்டத்தில் வேட்பாளர் ரோடு, தண்ணீர், பஸ் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் பேசவில்லை. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தும் விட்டார்.

லிஃப்ட் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதுவும் நடந்தது.

ஓட்டு எண்ணி முடிந்த வாரத்தில் டவர் லிஃப்ட் நிஜமாகவே ஆறாவது மாடியில் நின்றுபோனது. பழுதுபார்த்து முடித்துக் கை துடைக்கும்போது செயலாளர் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்ப்பா, பாலஸ்தீனத்துக்காகக் கையெழுத்து வாங்கினாங்களாமே. பக்கத்து டவர்ல எல்லாரும் போட்டிருக்காங்க. எங்க டவருக்கு மட்டும் ஒருத்தரும் வரல. என் வீட்டம்மா தினம் கேட்டுட்டே இருந்தா. அந்தப் பிள்ளைங்களை டிவியில பாத்துட்டுச் சாப்பிடவே மாட்டேங்கறா."

லிஃப்ட்காரர் ஸ்பேனரைப் பையில் போட்டார், மறுபடி வெளியே எடுத்தார்.

"வந்தாங்க சார். அன்னைக்கு நீங்க கீழ அனுப்பினீங்களே, அவங்கதான்."

"அந்தம்மாவா? நீதானய்யா தெரியாதுன்னு சொன்னே? நான் ஏதோ திருட வந்தவங்கன்னு நினைச்சேன்."

"தெரியும் சார். நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

"சொல்லியிருந்தா நானே ஒவ்வொரு வீடா கூட வந்திருப்பேனே" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் லிஃப்டில் ஏறி மேலே போனார். திட்டியிருந்தால்கூட இவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நேராக மருந்துக்கடைக்குப் போனார். கூட்டம் இருந்தது. எல்லாரும் போகட்டும் என்று ஒதுங்கி நின்றார், பிறகு தன்னையே திட்டிக்கொண்டு, ஆட்கள் நிற்கும்போதே சொன்னார். டவரில் நடந்ததையும், இன்று செயலாளர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னார். முப்பத்தொன்றுதான் குறைந்தது, அங்கே ஐம்பத்தாறு வீடு இருந்தது என்பதையும் சொன்னார். "சாயங்காலம் டீச்சர்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிடறேன்மா. பழி உங்க மேல இருக்கக்கூடாது."

"சொல்லுங்கண்ணா" என்றார் அந்த அம்மா. இவருடைய பிரஷர் மாத்திரையை எடுத்து, அட்டையில் தேதி பார்த்து, உறையில் போட்டார். உறையை உடனே நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"டவருக்குப் போறதுக்கு முந்தின நாள் அக்கா போன்ல கிடைச்சா. எனக்கு ஓட்டு இல்லாததால லிஃப்ட் வேலை பாக்கற ஒரு அண்ணன் எனக்காகக் கதவு கதவா பேசறார்னு சொன்னேன். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா. மறுநாள் வேலை முடிஞ்சு இறங்கி வரும்போது சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

உறையை அவர் கையில் வைத்தார்.

"அதுக்கப்புறம் அக்கா லைன்ல வரவே இல்லண்ணா."